கடலுக்கும் காவல் வேண்டும், கூலிக்கும் காவல் வேண்டும்

(கோவில்பட்டியில் ஆலைத் தொழிலாளர்களும் விவசாயத் தொழிலாளர்களும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரை)



கடலைப் பற்றிப் பேசப் போகிறேன் என்றதும் சிலர் சிரித்தீர்கள். நியாயந்தான். ஐப்பசி மழைக்கு வானத்தைப் பார்த்துக் கிடக்கிற மானாவாரிச் சீமை இது. இங்கே நின்று கடலைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது என்று தோன்றும்.

ஆனால் இங்கிருந்து தூத்துக்குடிக் கடல் அறுபது கிலோ மீட்டர்தான். நமது நிலத்தில் பெய்கிற மழையில் மிஞ்சியது வைப்பாற்று வழியாகச் சிப்பிகுளம் பக்கம் அந்தக் கடலில்தான் போய்ச் சேருகிறது. வேம்பாரும் கீழவைப்பாறும் கரிசலின் ஓரத்தில் இருக்கிற கடற்கரை ஊர்கள். நம் வீட்டுக் கம்பங்கஞ்சிக்கு நெத்திலிக் கருவாடும் சாளைக் கருவாடும் அந்தக் கரையிலிருந்துதான் வந்தன. இறைச்சி வாங்க வக்கில்லாத குடும்பத்துக்கு அந்தக் கருவாடுதான் சத்து.

இன்னொரு விஷயம். மழை பொய்த்த வருஷங்களில் நமது கிராமத்து வாலிபர்கள் கூலிக்கு எங்கே போகிறார்கள்? திருப்பூருக்குப் போகிறார்கள், கட்டட வேலைக்குப் போகிறார்கள். சிலர் தூத்துக்குடித் துறைமுகத்துக்குப் போய் ஐஸ் உடைக்கிறார்கள், மீன் பெட்டி தூக்குகிறார்கள், விசைப்படகில் ஏறிக் கடலுக்குப் போகிறார்கள். அப்படிப் போன ஒரு தம்பி, ஒரு தடைக்காலத்தில் ஊருக்குத் திரும்பி வந்தவன், சங்க ஆபீசுக்கு வந்து என்னிடம் ஒரு கேள்வி கேட்டான்.

"அண்ணாச்சி, கடலைக் காப்பாத்தச் சட்டம் போட்டிருக்கு. சரி. எங்களக் காப்பாத்த என்ன சட்டம் இருக்கு?"

அந்தக் கேள்விக்குப் பதில் தேடித்தான் இந்த விஷயத்தைப் படித்தேன், கரைக்குப் போய் விசாரித்தேன். நான் படித்தவன் அல்ல. பத்தாம் வகுப்பு தேறியவன். தெரிந்துகொண்டதை உங்கள் முன் வைக்கிறேன்.

கடலில் நடந்தது என்ன?

கட்டுமரமும் வள்ளமும் மட்டும் கடலில் போன காலத்தில், எந்த வலையை எந்தப் பருவத்தில் போடுவது, எந்தப் பாரில் யார் மீன் பிடிப்பது என்பதையெல்லாம் ஊர்க் கட்டுப்பாடே தீர்மானித்தது. சுதந்திரத்துக்குப் பின் நிலைமை மாறிற்று. 1952-இல் இந்தியாவும் நார்வேயும் ஐக்கிய நாடுகள் சபையும் ஓர் ஒப்பந்தம் செய்தன. அடுத்த ஆண்டு கேரளத்தில் கொல்லத்துக்குப் பக்கத்தில் மீன்பிடித் திட்டம் ஆரம்பமாயிற்று. மீனவனின் வாழ்க்கையை உயர்த்துவது என்பதுதான் சொன்ன நோக்கம். ஆனால் இறாலுக்கு அமெரிக்காவிலும் ஜப்பானிலும் நல்ல விலை இருந்தது. அந்த விலை திட்டத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டது. சர்க்கார் மானியத்தோடு இழுவைப் படகுகள் பெருகின. மீன்பிடிக்கவே தெரியாதவர்களும் பணம் இருந்ததால் படகு முதலாளி ஆனார்கள்.

இழுவலை எப்படி வேலை செய்கிறது என்று தெரியவேண்டும். பை போன்ற பெரிய வலை. அதன் வாயை விரித்து வைக்க இரண்டு கனமான பலகைகள். அடியில் இரும்புக் குண்டுகளும் சங்கிலியும். எந்திரம் இழுக்க இழுக்க, வலை கடலின் தரையை உரசிக்கொண்டே போகும். இறால் வரும். கூடவே குஞ்சு மீன், நண்டு, சிப்பி, பாசி, பவளக் கொடி எல்லாம் வேரோடு வரும். நமது நிலத்தில் புல்டோசரை விட்டு மேல்மண்ணை வழித்தெடுத்தால் அடுத்த வருஷம் அங்கே பருத்தி முளைக்குமா? கடலின் தரைக்கும் அந்தக் கதிதான்.

அப்படி வருகிற குஞ்சு மீனுக்குக் கரையில் சங்காயம் என்று பெயர். முன்பு அதைக் கடலிலேயே கொட்டினார்கள், அல்லது உரத்துக்குப் போட்டார்கள். இப்போது அது மீன் தூள் ஆலைக்குப் போகிறது. கோழித் தீவனமாகவும் இறால் பண்ணைத் தீவனமாகவும் ஆகிறது. வளர்ந்தால் பத்து வீட்டுக் குழம்புக்கு ஆகவேண்டிய மீன், விரல் நீளம் இருக்கும்போதே தூளாகிவிடுகிறது. நெத்திலியும் சாளையும் ஏன் விலை ஏறிற்று என்று கேட்கிற தாய்மார்களுக்கு, முழுப் பதில் இல்லாவிட்டாலும் பதிலில் ஒரு பாதி இதிலே இருக்கிறது.

சட்டம் எப்படிப் பிறந்தது?

கரைக்கு அருகில் இறால் அதிகம். ஆகவே இழுவைப் படகுகள் கரையை ஒட்டியே ஓடின. வள்ளக்காரன் மாதக் கணக்கில் பின்னிய வலையை ஒரே இரவில் அறுத்துக்கொண்டு போயின. 1970-களில் கோவாவிலும் கேரளத்திலும் தமிழ்நாட்டிலும் கடலில் கைகலப்பு, படகு எரிப்பு, உயிர்ச்சேதம் எல்லாம் நடந்தன. 1976-இல் மத்திய அரசாங்கம் மஜும்தார் குழுவை அமைத்தது. 1978-இல் பாரம்பரிய மீனவர்கள் அகில இந்திய அளவில் ஒரு ஸ்தாபனம் கண்டார்கள். மறியல் செய்தார்கள், உண்ணாவிரதம் இருந்தார்கள். அதன் பிறகுதான் 1980-இல் கேரளமும் கோவாவும் சட்டம் செய்தன. தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குபடுத்தும் சட்டம் 1983-இல் வந்தது. சட்டம் சர்க்காரின் கருணையால் பிறக்கவில்லை. கட்டுமரக்காரனின் போராட்டத்தில் பிறந்தது.

அந்தச் சட்டம் சொல்வது என்ன? கரையிலிருந்து 3 கடல் மைல் வரை விசைப்படகு மீன்பிடிக்கக் கூடாது. அது நாட்டுப்படகின் கடல். ஒரு கடல் மைல் என்பது நம் கணக்கில் ஒன்றே முக்கால் கிலோ மீட்டருக்குச் சற்று அதிகம். பின்னால் அந்த எல்லையை 5 கடல் மைலாக உயர்த்தினார்கள். தூத்துக்குடி விசைப்படகுகள் காலை 5 மணிக்குப் போய் இரவு 9 மணிக்குள் கரை திரும்பவேண்டும். இழுவலையின் மடியில் கண்ணி 40 மில்லி மீட்டருக்குக் குறையக் கூடாது. குஞ்சு தப்பிப் போகவேண்டும் என்பதற்காக. இரண்டு படகு சேர்ந்து இழுக்கிற இரட்டை மடியும், கூட்டத்தையே வளைத்து அள்ளுகிற சுருக்குமடியும் கூடாதென்று 2000-இல் உத்தரவு வந்தது.

மீன் முட்டையிட்டுப் பெருகுகிற காலத்தில் விசைப்படகுகளை நிறுத்தி வைக்கும் முறை கேரளத்தில் 1988-இல் ஆரம்பமாயிற்று. தமிழ்நாட்டில் 2001-இல் 45 நாளாக வந்தது. 2017 முதல் கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 தொடங்கி ஜூன் 14 வரை 61 நாள்.

கரையிலிருந்து 12 கடல் மைல் வரை மாநில சர்க்காரின் அதிகாரம். அதற்கப்பால் 200 கடல் மைல் வரை மத்திய சர்க்காரின் அதிகாரம். 1976-ஆம் வருஷச் சட்டம் அது. இந்த எல்லைக் கோட்டை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் இதற்கு வருகிறேன்.

நான் செய்த தவறு

2001-இல் தடைக்காலம் வந்தபோது நான் இருபது வயது வாலிபன். "கட்டுப்பாடு என்றாலே ஏழை கழுத்தில் கயிறு, இதை எதிர்க்கவேண்டும்" என்று கூட்டம் போட்டுப் பேசினேன். கேட்டுக்கொண்டிருந்த வயதான ஆலைத் தொழிலாளி ஒருவர் கூட்டம் முடிந்ததும் என்னைத் தனியே அழைத்தார். "தம்பி, கோரல் மில் கதை தெரியுமா?" என்றார்.

தெரியும். உங்களுக்கும் தெரியும். பக்கத்து ஒட்டப்பிடாரத்தில் பிறந்த வ. உ. சிதம்பரனாரும் சுப்பிரமணிய சிவாவும் முன்னின்ற 1908-ஆம் வருஷத் தூத்துக்குடி வேலைநிறுத்தம். கோரல் என்ற சொல்லுக்குப் பவளம் என்று பொருள். பெயரிலேயே கடல் இருக்கிறது. தொழிலாளர்கள் கூலி உயர்வு கேட்டார்கள், வேலை நேரத்தைக் குறைக்கக் கேட்டார்கள், வாரத்தில் ஒரு நாள் ஓய்வு கேட்டார்கள். ஒன்பது நாளில் வெள்ளை முதலாளி இறங்கி வந்தான்.

அந்தப் பெரியவர் சொன்னார்: "எந்திரம் ராவும் பகலும் ஓடும், மனுசன் ஓட முடியாது. அதனாலதான் வேலை நேரத்துக்குச் சட்டம் கேட்டோம். அதுவும் கட்டுப்பாடுதானே? யாரைக் கட்டிச்சு? முதலாளியைக் கட்டிச்சு. படகு எந்திரமும் ராவும் பகலும் ஓடும். மீன் பெருக நாள் வேணுமில்லையா?"

நான் வாயடைத்து நின்றேன். விதைக்கு வைத்த சோளத்தைக் குத்தித் தின்றுவிட்டு ஆடியில் கையைப் பிசைகிறவனை நமது கிராமம் என்ன சொல்லும்? கடலுக்கும் விதை உண்டு. அதைக் காக்கச் சட்டம் வேண்டும். அதில் சந்தேகமில்லை. கேள்வி வேறு. சட்டம் யாரைக் கட்டுகிறது, யாரை விடுகிறது?

காகிதமும் கரையும்

மீன்வளத்துறைக்கு இருக்கிற ரோந்துப் படகும் ஆளும் இத்தனை நீளக் கடலுக்குப் போதாது. 5 கடல் மைல் கோடு கடலில் யார் கண்ணுக்கும் தெரியாது. விசைப்படகு கோட்டைத் தாண்டி உள்ளே வந்து வலையை அறுத்துவிட்டுப் போனால், வள்ளக்காரன் எந்தப் படகு என்று நிரூபிக்கவேண்டும். இருட்டில் நம்பர் பார்க்க முடியுமா? புகார் கொடுக்கப் போன நாளின் கூலியும் போயிற்று.

சுருக்குமடிக் கதையைப் பாருங்கள். 2000-இல் போட்ட தடையை மாநில சர்க்கார் 2022 பிப்ரவரியில் மறுபடி உறுதி செய்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் போயிற்று. 2023 ஜனவரியில் இடைக்கால உத்தரவு வந்தது: 12 கடல் மைலுக்கு அப்பால், வாரத்தில் திங்களும் வியாழனும் மட்டும், காலை 8 முதல் மாலை 6 வரை சுருக்குமடி போடலாம் என்று. எல்லைக் கோட்டை மனத்தில் வைக்கச் சொன்னது இதற்காகத்தான். மாநிலத்தின் கடலில் குற்றம். கோட்டைத் தாண்டினால் அனுமதி. மீன் கூட்டத்துக்கு அந்தக் கோடு தெரியுமா? அப்பால் அள்ளிவிட்டால் இப்பால் வருவது எது?

நீதிமன்றம் எப்போதும் இப்படித்தான் என்று நான் சொல்லவில்லை. சிறு மீனவனின் ஜீவனோபாயத்தைக் காக்கப் பெரிய வலைகளைத் தடுப்பது நியாயமே என்று கேரள வழக்கில் 1993-இல் அதே உச்ச நீதிமன்றம் ஒப்புக்கொண்டது. அந்த நியாயத்தைக் கரையில் நிறைவேற்ற ஆள் இல்லை என்பதுதான் நமது வழக்கு.

தீவுகளைக் காக்கிறார்களாம்

தூத்துக்குடிக்கும் ராமேஸ்வரத்துக்கும் நடுவில் 21 தீவுகள். சுற்றிலும் பவளப் பார்கள். மீன் குஞ்சுகளின் தொட்டில் அது. 1986-இல் அதைக் கடல் தேசியப் பூங்கா என்று அறிவித்தார்கள். 1989-இல் மன்னார் வளைகுடாவையே உயிர்க்கோளக் காப்பகம் என்றார்கள். 2001-இல் பவளப்பாறையையும் கடல் அட்டையையும் வன உயிர்ச் சட்டத்தில் சேர்த்து எடுக்கத் தடை போட்டார்கள்.

தடை வருமுன் நடந்தது என்ன? சுண்ணாம்புக்கும் ஆலைக்கும் வண்டி வண்டியாகப் பவளப்பாறையை உடைத்து எடுத்தார்கள். பார் போனதும் அலையைத் தடுக்க ஆளில்லை. பூவரசன்பட்டி, விலாங்குசல்லி என்ற இரண்டு தீவுகள் கடலில் மூழ்கிவிட்டன. தூத்துக்குடிக்கு நேரே இருக்கிற வான் தீவு 1986-இல் சுமார் 40 ஏக்கர். 2014-இல் சுமார் 5 ஏக்கர். ஒரு குறுவிவசாயியின் புஞ்சை அளவு. பிறகு சிமெண்டில் செயற்கைப் பார் செய்து இறக்கி, மிஞ்சியதைக் காக்க முயற்சி செய்தார்கள். நல்ல காரியம். கூலிக்குப் பாறை உடைத்தவன் இன்றும் ஏழை. லாபம் பார்த்தவனை யார் கேட்டார்கள்?

ராமநாதபுரம் கரையில் தீவுகளைச் சுற்றி மூழ்கிக் கடல்பாசி எடுக்கிற பெண்கள் இருக்கிறார்கள். கையில் துணி சுற்றி, கண்ணாடி கட்டி, மூச்சடக்கி எடுப்பார்கள். தலைமுறை தலைமுறையாகச் செய்த வேலை பூங்கா வந்ததும் குற்றமாயிற்று. பிடித்தால் அபராதம், படகு பறிமுதல். அவர்கள் என்ன செய்தார்கள்? கூடிப் பேசி, மாதத்தில் சுமார் 12 நாள்தான் எடுப்பது, பாசி வளர விடுவது என்று தாங்களே கட்டுப்பாடு வைத்துக்கொண்டார்கள். உழைப்பவனுக்குக் கடலைக் காக்கத் தெரியாது என்று சொல்கிறவர்கள் இதைக் கேட்கவேண்டும்.

மறு பக்கம் பாருங்கள். தூத்துக்குடித் தாமிர ஆலைக்கு அனுமதி கொடுத்தபோது, மன்னார் வளைகுடாவிலிருந்து 25 கிலோ மீட்டர் தள்ளி இருக்கவேண்டும் என்று நிபந்தனை. ஆலையோ நான்கு தீவுகளுக்கு அந்தத் தூரத்துக்குள்ளேயே எழும்பிற்று. 2010-இல் மதராஸ் உயர் நீதிமன்றம் மூடச் சொன்னது. 2013-இல் உச்ச நீதிமன்றம் 100 கோடி ரூபாய் கட்டச் சொல்லி ஓட விட்டது. 2018 மே மாதம் ஜனங்கள் ஊர்வலம் போனார்கள். போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் மாண்டார்கள். அதன் பிறகுதான் ஆலை மூடப்பட்டது. 2024 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றமும் அதைத் திறக்க மறுத்தது. பாசி எடுக்கிற பெண்ணை நிறுத்த ஒரு காவலர் போதும். பெரிய ஆலையை நிறுத்த 13 உயிர் தேவைப்பட்டது. ஒரே கடல்தான் தோழர்களே, ஆனால் இரண்டு தராசு!

ஒரு நாளைக்கு 131 ரூபாய்

இனி அந்தத் தம்பியின் கேள்விக்கு வருகிறேன்.

61 நாள் விசைப்படகு நிற்கிறது. முதலாளி படகைக் கரையேற்றிப் பழுது பார்க்கிறான். படகில் போகிறவனுக்கு மாதச் சம்பளம் கிடையாது. டீசல், ஐஸ், சாப்பாட்டுச் செலவைக் கழித்து, மிஞ்சியதில் பெரும்பங்கு முதலாளிக்கு. மீதியில் ஆளுக்கொரு பங்கு. படகு ஓடாவிட்டால் பங்கும் இல்லை. ஆகவே முதலாளியிடமே முன்பணம் வாங்குகிறான். அதைக் கழிக்க அடுத்த பருவம் முழுதும் அவன் படகிலேயே கட்டுண்டு கிடக்கிறான். பண்ணையாளும் முன்பணமும் நமது வட்டாரத்துக்குப் புதிய கதையா?

சர்க்கார் தடைக்கால நிவாரணம் தருகிறது. 5,000 ரூபாயாக இருந்ததை 8,000 ஆக உயர்த்துவதாக 2023 ஆகஸ்டில் முதலமைச்சர் அறிவித்தார். மீனவர்கள் கேட்டுக் கேட்டு வாங்கிய உயர்வு அது. சேமிப்பு நிவாரணம் போல வேறு திட்டங்களும் உண்டு. ஆனால் 8,000-ஐ 61-ஆல் வகுத்துப் பாருங்கள். ஒரு குடும்பத்துக்கு ஒரு நாளைக்கு 131 ரூபாய். 2025-இல் தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைக்கு நிர்ணயித்த கூலி 336 ரூபாய். அது போதாதென்று நீங்கள் போராடினீர்கள். இது அதில் பாதிகூட இல்லை.

அதுவும் பதிவில் பெயர் உள்ள மீனவக் குடும்பத்துக்குத்தான். ஐஸ் உடைக்கிறவன், பெட்டி தூக்குகிறவன், இறால் உரிக்கிற பெண், கூடை சுமந்து விற்கிற கிழவி, நமது கரிசல் காட்டிலிருந்து போய்ப் படகேறிய பையன் ஆகியோர் பட்டியலுக்கு வெளியே நிற்கிறார்கள். தறி பழுதாகி ஆலை நின்றால் லே-ஆப் சம்பளம் கேட்கிறோம். சட்டம் அதை ஒப்புக்கொள்கிறது. சர்க்காரே உத்தரவு போட்டு வேலையை நிறுத்தும்போது, அந்தத் தொழிலாளிக்கு லே-ஆப் சம்பளம் கொடுப்பது யார் கடமை?

இங்கே ஒரு சூது இருக்கிறது. நிவாரணம் போதாத தொழிலாளியின் வயிற்றெரிச்சலைக் காட்டி, "தடையே வேண்டாம்" என்று படகு முதலாளி கோஷம் போடுகிறான். தொழிலாளியும் கூடச் சேர்ந்து கத்துகிறான். வள்ளக்காரனும் விசைப்படகுக் கூலியாளும் கடலில் மோதிக்கொள்கிறார்கள். இரண்டு பேரும் வலை இழுக்கிற ஜாதிதான். லாபம் மட்டும் கரையில் சண்டை இல்லாமல் எண்ணப்படுகிறது.

இந்தச் சூது பாக் நீரிணையைத் தாண்டியும் போகிறது. நமது விசைப்படகுக் கூலியாள் இலங்கைக் கடற்படையிடம் சிக்கிச் சிறையில் வாடுகிறான். அவன் துன்பத்துக்கு நமது கண்ணீர் உண்டு. அதே சமயம் மறுகரையில் யாழ்ப்பாணத்து, மன்னாரத்துத் தமிழ் மீனவன், யுத்தத்தில் எல்லாம் இழந்து மறுபடி வலை வாங்கியவன், நமது இழுவலை தன் வலையை அறுத்தது என்று அழுகிறான். இலங்கை 2017-இல் இழுவலையைச் சட்டம் போட்டுத் தடுத்தது. இரண்டு கரையிலும் அழுகிறவன் ஏழை. இதைச் சொல்ல நாம் கூச்சப்படக் கூடாது.

நாம் கேட்கவேண்டியது

ஆகவே, தோழர்களே, நமது கோரிக்கைகள் இவை:

கரைக்கடல் நாட்டுப்படகுக்கே என்ற சட்டத்தை ஏட்டில் வைக்காமல் கடலில் அமுல் நடத்தவேண்டும். ரோந்துக்கு ஆளும் படகும் கொடுக்கவேண்டும். கண்காணிப்பில் மீனவர் சங்கங்களுக்கு இடம் வேண்டும்.

தடைக்காலம் நீடிக்கட்டும். ஆனால் அந்த 61 நாளுக்கும் குறைந்தபட்சக் கூலிக்கு ஈடான நிவாரணம் வேண்டும். ஐஸ், சுமை, இறால் உரிப்பு, கூடை வியாபாரம் செய்கிற எல்லோருக்கும் வேண்டும். படகில் போகிறவன் தொழிலாளி என்று பதிவாகவேண்டும்.

இழுவலையை விட்டு வேறு வலைக்கு மாற விரும்புகிறவனுக்குக் கடனும் உதவியும் கூலியாள்களின் கூட்டுறவுக்குப் போகவேண்டும். முதலாளியின் இரண்டாவது படகுக்கு அல்ல. நமக்குப் பக்கத்துத் தருவைக்குளத்தில் இழுவலை இல்லாமல் வழிவலை கொண்டே பெரும்படகில் போய்ப் பிழைக்கிறார்கள். முடியாதென்று சொல்கிறவர்கள் அங்கே போய்ப் பார்க்கட்டும்.

பாசி எடுக்கிறவளுக்கு ஒரு சட்டம், கழிவு கொட்டுகிற ஆலைக்கு ஒரு சட்டம் என்பது ஒழியவேண்டும்.

இதில் நமக்கு என்ன வேலை என்று கேட்பீர்கள். இருக்கிறது. கடற்கரைத் தொழிலாளிகள் ஊர்வலம் போகும்போது ஆலைத் தொழிலாளியின் கொடியும் விவசாயத் தொழிலாளியின் கொடியும் பக்கத்தில் போகவேண்டும். உங்கள் கிராமத்திலிருந்து படகுக்குப் போன பையன்களின் பெயர்களை எழுதிச் சங்கத்தில் கொடுங்கள். வருகிற ஏப்ரல் 15-க்கு முன்னால் அந்தப் பட்டியலோடு மீன்வளத்துறை ஆபீசுக்குப் போவோம். அந்தத் தம்பியும் நம்மோடு வருவதாகச் சொல்லியிருக்கிறான்.

அவன் கேள்விக்கு என்னிடம் இருக்கிற பதில் இதுதான்: "உன்னைக் காக்கிற சட்டம் இன்னும் வரவில்லை, தம்பி. கடலைக் காக்கிற சட்டத்தைக் கட்டுமரக்காரன் போராடி வாங்கினான். உன்னுடையதை நாம் சேர்ந்து வாங்கவேண்டும்."